அந்தோணிப்புதூருக்குப் போன வண்டி

டீச்சரம்மா பாவசங்கீர்த்தனத்துக்கு வருஷத்தில் மூன்று தடவைதான் போவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை ஒன்றுகூடத் தவறாதவர். நாமக்கல்லிலேயே கோயில் இருக்கிறது. ஆனால் பாவத்தைச் சொல்ல மட்டும் அவருக்குச் சேலத்தில் இருக்கிற வயசான பங்குச் சாமியார்தான் வேண்டும். எதற்கு இப்படி நாள் கடத்துகிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"சேரட்டும்க்கா. ஒத்தைப் பாவத்தைத் தூக்கிக்கிட்டு சேலம் வரைக்கும் பஸ் ஏறிப் போறதா? பாதி வண்டிகூட நிறையாது."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவருக்கு வேடிக்கை பேச வராது.

அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பால்காரரிலிருந்து சாமியார் வரை எல்லாருக்கும் டீச்சரம்மாதான். நானும் அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன். சேலத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். ஓய்வு பெற்றபின் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு கட்டம் போட்டுக் காட்டியிருப்பார்.

வந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு தூக்குப் போசி நிறைய அதிரசம் கொண்டுவந்தார். நான் வாங்கி வைத்துக்கொண்டு, போசியை நாளைக்குக் கழுவித் தருகிறேன் என்றேன். அவர் போகவில்லை. நாளைக்கு என்றால் நீங்கள் ஒரு நடை வர வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒரு நடை வர வேண்டும், இப்போதே கொடுத்துவிட்டால் அந்த நடை மிச்சம் என்றார். சரியென்று கழுவிக் கொடுத்தேன். அப்போதும் போகவில்லை. போசிக்குள் எட்டிப் பார்த்தார். காலியாக இருக்கிறது என்று வாயால் சொல்லவில்லை, முகம் சொன்னது. நான்கு கத்தரிக்காயைப் போட்ட பிறகுதான் கிளம்பினார். சரியான பேராசைக்காரி வந்து சேர்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பார்த்தால், அந்தக் கத்தரிக்காயை எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு, அங்கிருந்து பழைய செய்தித்தாளை வாங்கிக்கொண்டு, அதை மூலைக்கடையில் போட்டுவிட்டு, அங்கிருந்து ஒரு துடைப்பத்தோடு வீட்டுக்குப் போனார். ஆசை கிடையாது. கை காலியாக நடப்பதுதான் அவருக்கு ஆகாது.

தவக்காலத்தில் மலைமேல் சிலுவைப் பாதைக்குப் போய்வந்ததை அவரே சொன்னார். பதினான்கு இடத்தில் நின்று வேண்டிக்கொள்ள வேண்டுமாம். பாதைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி இருக்குமாம். ஏறும்போது வலது பக்கத்து ஏழு இடத்தையும் இறங்கும்போது இடது பக்கத்து ஏழு இடத்தையும் முடித்துக்கொண்டால் குறுக்கே தாண்டுகிற நடையெல்லாம் மிச்சம் என்று சாமியாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். சாமியார், "ஆண்டவர் சுருக்கு வழி பாக்கலியே டீச்சர்" என்றாராம். இதைச் சொல்லும்போது டீச்சரம்மா சிரிக்கவில்லை. சாமியார் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் எந்த இடத்தில் இருக்கிறது என்று இன்னும் பிடிபடவில்லை என்பதுபோல வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு அப்போது ஐந்து முட்டை வண்டி. சேந்தமங்கலம், மோகனூர், பரமத்தி வேலூர் என்று மூன்று பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் முட்டை ஏற்றி, சேலம், கரூர், ஈரோடு, திருச்சி மொத்தக் கடைகளில் இறக்க வேண்டும். வீட்டுக்காரர் இருந்தவரை எந்த வண்டி எங்கே போவது என்பதெல்லாம் அவர் வாயில் இருந்தது. அவர் போனபின் வண்டிகள் பழகின மாடுமாதிரி பழைய தடத்திலேயே போய்க்கொண்டிருந்தன. டீசல் விலை மட்டும் ஏறிக்கொண்டே வந்தது.

என் கொழுந்தனார் டவுனுக்குள் பெரிய லாரி ஆபீஸ் வைத்திருக்கிறார். சித்திரை முதல் நாள் வந்து, காபி குடித்துவிட்டுப் பேச்சை எடுத்தார். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நங்கை, உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பாடு? அஞ்சு வண்டியையும் என்ற ஆபீஸ்ல சேத்துடலாமுங்க. மாசம் பொறந்தா ஊடு தேடிக் காசு வந்துரும். நீங்க காலை நீட்டி உக்காந்துக்கலாம்."

எனக்குக் காலை நீட்டி உட்கார வராது. ஐந்து வண்டிச் சாவியும் என் முந்தானையில்தான் முடிந்திருக்கும். இரண்டு மாதம் பொறுங்கள், டீசல் செலவு குறையாவிட்டால் ஆனி பிறந்த அன்று சாவியை அவிழ்த்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆடியில் எங்கள் பக்கம் எதையும் கை மாற்ற மாட்டார்கள், அதனால் ஆனி. அவரும் சரி என்று என் முந்தானை முடிச்சைப் பார்த்துக்கொண்டே போனார். செலவு எப்படிக் குறையும் என்று எனக்குத் தெரியாது. வாய் சொல்லிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது படிப்பு என்பது கையெழுத்துப் போடுவதோடு சரி. சேலம், கரூர், ஈரோடு, திருச்சி என்கிற நான்கு பெயரும் ஆளை முகம் பார்த்துத் தெரிந்துகொள்வதுபோலத் தெரியும். அதற்குமேல் கிடையாது. இது டிரைவர்களுக்குத் தெரியாது. கொழுந்தனாருக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது.

இரண்டு நாள் கழித்து டீச்சரம்மா வேலியோரம் வந்து நின்றார். கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. மோகனூரிலிருந்து வந்த உங்கள் வண்டி காலையில் சேலம் பக்கம் போனது, சேந்தமங்கலத்து வண்டி கரூர் பக்கம் போனது, இரண்டும் நம் வீட்டு முன்னால் ஒன்றைப் பார்த்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டின என்றார்.

"ரெண்டுலயும் முட்டைதானேக்கா?"

"முட்டைதானுங்க."

"ஒரே மாதிரி முட்டையா?"

"எல்லாம் கோழி போடறதுதானுங்க."

"அப்ப எதுக்கு அதுங்க ரெண்டும் ஊர் மாத்திக்குது?"

சேலத்து வியாபாரிக்கு மோகனூர் முட்டைதான் ராசி என்று வீட்டுக்காரர் எப்போதோ சொன்ன ஞாபகம். அதைச் சொன்னேன். டீச்சரம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து காலையில் பூசைக்குப் போகாத நாளெல்லாம் எங்கள் வண்டி செட்டில்தான் இருந்தார்.

முட்டை அடுக்குகிற அட்டை டிரே ஒன்றை எடுத்துக்கொண்டார். மேலிருந்து கீழே பண்ணைகள், இடமிருந்து வலமாக ஊர்கள். ஒவ்வொரு குழியின் விளிம்பிலும், அந்தப் பண்ணையிலிருந்து அந்த ஊருக்கு ஒரு வண்டி போய்வர ஆகிற செலவைப் பென்சிலில் எழுதினார். ஒரு லோடுக்கு ஒரு மக்காச்சோள மணி. முதல் மணியை எப்போதும் மேல் வரிசையில் இடது ஓரக் குழியில்தான் போடுவார். அதற்கு வடமேற்கு மூலை என்று பெயராம். எங்கள் பக்கம் அது கக்கூஸ் கட்டுகிற மூலை என்றேன். ஆரம்பம் எந்த மூலையாக இருந்தால் என்ன, திருத்திக்கொண்டே போவதுதான் வேலை என்றார்.

அந்தத் திருத்தத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு மணியை எடுத்துப் பக்கத்துக் குழியில் வைப்பார். அதனால் அந்த ஊருக்கு ஒரு லோடு கூடிவிடும். அதைச் சரிக்கட்ட அந்த ஊரிலிருந்து வேறு ஒரு மணியை நகர்த்துவார். இப்படி நாலு குழியைச் சுற்றிவந்து, மொத்தச் செலவு குறைந்ததா என்று பார்ப்பார். குறைந்தால் முகம் மலரும். கூடினால் மணியைப் பழைய குழியிலேயே வைத்து, சிரமம் கொடுத்துவிட்டேன் என்பதுபோல ஒரு தட்டுத் தட்டுவார். ஒரு நேரத்தில் ஒரு மணிதான். என் நாட்டுக்கோழி ஒரு நாள் வந்து டிரேயில் இரண்டு கொத்துக் கொத்திவிட்டது. டீச்சரம்மா சமையல்கட்டு வரை வந்து, "அக்கா, உங்க கோழி கரூரைத் தின்னுடுச்சு" என்று புகார் செய்தார்.

பரமத்தி ஈரோட்டுக்குக் கிட்டத்தில் இருக்க, சேந்தமங்கலத்து வண்டியை ஈரோட்டுக்கு விட்டார் ஒரு நாள். இந்த வண்டிக்குத் தூரம் கூடுதுங்களே என்றேன்.

"கூடட்டும். இது ஒண்ணு சுத்திப் போனா மத்ததெல்லாம் சுருக்காப் போகும். ஒத்தை வண்டியைப் பாக்காதீங்கக்கா, மொத்தத்தைப் பாருங்க."

வண்டிமேல் சாய்ந்துகொண்டிருந்த பழனியப்பன் இதைக் கேட்டுவிட்டான். முப்பது வருஷமாக எங்களிடம் வண்டி ஓட்டுகிறவன். "ஏனுங்க டீச்சரம்மா, அந்த ஒத்தை வண்டி எப்பப் பாத்தாலும் என்ற வண்டியாவே இருக்குதே, அதுவும் கணக்குல வருதுங்களா?" என்றான். உங்கள் வண்டிதான் டீசலைக் கம்மியாகக் குடிக்கிறது, அதனால்தான் என்று அவர் உண்மையைச் சொன்னார். பழனியப்பனுக்கு அது பாராட்டா தண்டனையா என்று அன்றைக்கு முழுக்க விளங்கவில்லை.

ஆனால் சித்திரை முடியும்போதே டீசல் செலவு குறைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே குறைந்தது.

இனி அந்தோணிப்புதூர். பண்ணைகளில் எப்போதும் ஐந்து லோடு முட்டை தயாராக இருக்கும். ஊர்கள் கேட்பது நான்குதான். மிஞ்சுகிற ஒரு லோடு எங்கே போகும் என்று டீச்சரம்மா கேட்டார். பண்ணையிலேயே கிடக்கும், மறுநாள் போகும் என்றேன். கிடக்கட்டும், ஆனால் கணக்கில் அது எங்கேயாவது போய் நிற்க வேண்டும் என்றார். அதற்காக டிரேயில் ஐந்தாவதாக ஒரு ஊரைப் போட்டார். இல்லாத ஊர். அந்த ஊருக்கு வாடகை சைபர். அந்த வரிசையில் எந்தப் பண்ணைக்கு நேராக மணி விழுகிறதோ, அந்தப் பண்ணையில் ஒரு லோடு தங்கினால்தான் நமக்குச் செலவு குறைவு என்று அர்த்தம். பெயர் இல்லாமல் ஒரு வரிசையை விட அவருக்கு மனசு வராது. அதனால் அந்தோணிப்புதூர் என்று எழுதினார்.

தினமும் மணிக்கு ஒன்றாகச் சீட்டு எழுதுவார், இந்தப் பண்ணையிலிருந்து இந்த ஊருக்கு என்று. நான்கு சீட்டை என்னிடம் தருவார். ஐந்தாவதைத் தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார். நான் நான்கையும் வாங்கி, கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, டிரைவர்களுக்குக் கொடுப்பேன். ஐந்து வண்டியில் ஒன்று முறைபோட்டுக்கொண்டு ஓய்வில் இருக்கும்.

அந்தோணியார் திருநாள் வந்தது. ஆனி பிறக்க இரண்டே நாள். டீச்சரம்மா காலைப் பூசைக்குச் சீக்கிரமே போய்விட்டார். போகிற அவசரத்தில் சீட்டுகளை மேசைமேல் வைத்துவிட்டார். நான் எடுத்தேன். ஐந்து சீட்டு இருந்தது. நான்கு தெரிந்த முகம், ஒன்று புது முகம். ஆனி நெருங்குகிறது, அதனால் டீச்சரம்மா புதிதாக ஒரு ஊர் பிடித்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம். அந்தப் பெயரை யாரையாவது படிக்கச் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? டிரைவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஐந்து சீட்டு, ஐந்து வண்டி. ஓய்வில் இருந்த பழனியப்பனைக் கூப்பிட்டு அந்தச் சீட்டைக் கொடுத்தேன்.

அவன் அதை இரண்டு தடவை படித்தான். "ஆத்தா, இது..." என்று ஆரம்பித்தான்.

"எழுதியிருக்குதில்ல. அப்பறம் என்ன?"

பழனியப்பன் இந்த முப்பது வருஷத்தில் ஒருவரிடமும் வழி கேட்டதில்லை. செல்லில் மேப் போட்டுக்கொண்டு ஓட்டுகிற பையன்களைப் பார்த்தால் காறித் துப்புவான். எனக்குத் தெரியாத ஊரா என்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "போயிட்டு வாரேனுங்க ஆத்தா" என்று வண்டியை எடுத்தான். படிக்கத் தெரியாதவள் கேட்கவில்லை, படித்தவனும் கேட்கவில்லை. வண்டி போய்விட்டது.

டீச்சரம்மா வந்து ஜெபப் புத்தகத்தைத் திறந்துகொண்டு, ஐந்தாவது சீட்டு எங்கே என்றார். பழனியப்பன் கொண்டுபோய்விட்டான் என்றேன். எங்கே என்றார். சீட்டில் எழுதியிருக்கிற ஊருக்குத்தான் என்றேன்.

"அக்கா, அந்த ஊர் இல்லியே."

பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் எழுந்துபோய்க் கொடியில் காய்ந்த துணியை மடிக்க ஆரம்பித்தேன். அது இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அவர் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தார்.

பழனியப்பன் செல்லுக்குப் போட்டால் போகவே இல்லை. வெளியே வெயில் கொளுத்துகிறது. வண்டி நிறைய முட்டை. டீச்சரம்மாவுக்கு உட்கார முடியவில்லை. தொலைந்துபோனதைத் தேடிக் கொடுப்பவர் அந்தோணியார், அவர் பெயரில் இல்லாத ஊரை உண்டாக்கியது நான், இப்போது எந்த முகத்தோடு அவரிடம் போய் வண்டியைக் கேட்பது என்றார். ஆனாலும் கேட்டார். மெழுகுவத்தி வாங்கப் போனவர், திரும்பும்போது வெறுங்கையோடு நிற்பதை அன்றுதான் பார்த்தேன். வாங்கிய மெழுகுவத்தியைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்.

மறுநாள் சாயங்காலம் வண்டி செட்டுக்குள் வந்தது. பழனியப்பன் இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"அந்தோணிப்புதூர் போய்ட்டு வந்துட்டேனுங்க ஆத்தா."

டீச்சரம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். நடந்தது இதுதான். அந்தோணி என்று பெயர் இருந்தால் அங்கே அந்தோணியார் கோயில் இருக்க வேண்டும் என்று பழனியப்பன் கணக்குப் போட்டிருக்கிறான். வழி கேட்காமல் கோயில் கோபுரத்தைப் பார்த்துப் பார்த்துச் சேலம் தாண்டி, ஆத்தூரும் தாண்டி, ஒரு மலையடிவாரத்துக்குப் போயிருக்கிறான். அங்கே ஒரு ஊரில் கொடி கட்டி, சீரியல் லைட்டுப் போட்டு, அந்தோணியாருக்குத் தேர்பவனி. இதுதான் ஊர் என்று வண்டியை நிறுத்திவிட்டான். மறுநாள் மத்தியானம் ஊருக்கே சாப்பாடு. சாம்பார் சாதம் போடுவதாக இருந்த பெரியவர்கள், அந்தோணியார் பெயரைச் சொல்லிக்கொண்டு முட்டை வண்டி வந்து நிற்பதைப் பார்த்ததும் முட்டைக் குழம்புக்கு மாறிவிட்டார்கள். மிச்சத்தைத் திருவிழாவுக்கு வந்த ஆம்லெட் கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

"பேரு மட்டும் அவங்க வேற என்னமோ சொல்றாங்க. அது அவங்க இஷ்டமுங்க" என்றான்.

டீச்சரம்மா கேட்டது ஒரே கேள்விதான். "வரும்போது காலியாவா வந்தீங்க?"

"மாம்பழமுங்க. வண்டி நெறைய."

டீச்சரம்மா எழுந்துபோய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, ஒரு பழத்தைத் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஆனி முதல் நாள் கொழுந்தனார் வந்தார். டிரைவர்கள் இருந்தார்கள், டீச்சரம்மாவும் டிரேயோடு ஒரு பக்கம் இருந்தார். கொழுந்தனார் டீசல் செலவு குறைந்திருப்பதை ஒத்துக்கொண்டார். பிறகு செல்லை எடுத்தார். வண்டி டோல்கேட்டைத் தாண்டினால் அவர் செல்லுக்குத்தான் மெசேஜ் போகும், அந்த ஏற்பாடெல்லாம் முன்பே அவர் செய்தது.

"முந்தாநேத்து நம்ம வண்டி ஒண்ணு ஆத்தூர் ரோட்டு டோல்கேட்டுல போயிருக்குதுங்க நங்கை. அந்தப் பக்கம் நமக்குக் கடையே இல்லையே. அந்தச் சீட்டை யாருங்க குடுத்தது?"

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். அதில் என்ன எழுதியிருந்தது, படித்துப் பார்த்தீர்களா என்று கேட்பார். டிரைவர்கள் முன்னால் கேட்பார். முந்தானை முடிச்சில் என் கை தானாகப் போய் நின்றது.

"நான் குடுத்தேன்" என்றார் டீச்சரம்மா.

"எதுக்குங்க?"

டீச்சரம்மா டிரேயைக் கொழுந்தனார் மடியில் வைத்தார். மேல் வரிசை, இடது ஓரக் குழி. முதல் மணியைப் போட்டார்.

"ஒரு வார்த்தையில சொல்லுங்களேன் டீச்சரம்மா."

"ஒரு வார்த்தையில சொன்னா தப்பாயிடும் தம்பி. வடமேற்கு மூலையில இருந்து வர்றேன்."

ஒரு மணி நேரம் வந்தார். எதையும் ஒரே நடையில் முடிக்கிறவர், எந்த வாசலிலும் இரண்டாவது வார்த்தை பேசாதவர். மூன்று பண்ணையையும் நான்கு ஊரையும் குழிகுழியாகச் சுற்றினார். பரமத்திக்குப் போனார், திருச்சிக்கு வந்தார், மறுபடி பரமத்திக்குப் போனார். ஐந்தாவது ஊருக்கு வாடகை சைபர் என்று போட்டது தப்பு, நிஜமான வாடகை என்ன என்று ஒரு வண்டியை விட்டுப் பார்த்தால்தானே தெரியும், அதற்காகத்தான் விட்டேன் என்றார். கொழுந்தனார் சீட்டைப் பற்றி வாயைத் திறக்கும்போதெல்லாம் டீச்சரம்மா இன்னொரு மணியை நகர்த்தினார். காபி ஆறிப் பாலாடை கட்டியது. கடைசியில் கொழுந்தனார் டிரேயைப் பக்குவமாகத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"நங்கை, வண்டி உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க. இந்த அட்டையோட எனக்கு ஆகாது."

அவர் போனபின் ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து டீச்சரம்மா கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் சேலம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். கையில் பையில்லை, போசியில்லை. மத்தியானம் அப்படியே வெறுங்கையோடு திரும்பி வந்தார். பாவசங்கீர்த்தனமா என்றேன். ஆமாம் என்றார். எத்தனை சேர்ந்தது என்றேன்.

"ஒண்ணுதான்."

"சாமியார் என்னங்க சொன்னாரு?"

"சிரிச்சாரு."

அடுத்த வாரத்திலிருந்து சீட்டில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு படம் வந்தது. சேலத்துக்கு மாம்பழம், ஈரோட்டுக்கு மஞ்சள் கிழங்கு, திருச்சிக்கு மலைக்கோட்டை, கரூருக்கு ஒரு பஸ். அந்தோணிப்புதூருக்கு வெறும் வட்டம். டிரைவர்களுக்கு மானம் போய்விட்டது. "நாங்க என்ன ஒண்ணாங்கிளாஸுங்களா டீச்சரம்மா?" என்று பழனியப்பன் சண்டைக்கு வந்தான். கண்ணாடி போடாமல் வண்டி ஓட்டுகிறீர்கள், அதனால்தான் என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

முதலில் மாம்பழம் பாதிச் சீட்டை அடைத்துக்கொண்டிருந்தது. ஐப்பசியில் எலுமிச்சங்காய் அளவுக்கு வந்தது. தையில் புளியங்கொட்டை அளவு. பக்கத்தில் எழுத்து மட்டும் பெருத்துக்கொண்டே வந்தது. சீட்டை வாங்கி நான் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. பிறகு பஸ்ஸின் போர்டு, பிறகு செய்தித்தாளின் தலைப்பு என்று போனதை எழுதினால் நீளும்.

டீச்சரம்மா கோயம்புத்தூரில் தங்கை வீட்டோடு இருக்கப் போன அன்று, பஸ் எதற்கு, ஈரோட்டு லோடு போகிறதே என்று பழனியப்பன் வண்டியிலேயே ஏறிக்கொண்டார். அவர் எழுதிய கடைசிச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி டிரைவர்களிடம் கொடுத்தேன். ஈரோட்டுச் சீட்டைப் பழனியப்பனிடம் நீட்டியபோதுதான் பார்த்தேன், மஞ்சள் கிழங்கு இல்லை. மற்றச் சீட்டுகளையும் வாங்கிப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. வண்டியின் ஜன்னலருகே போய், "படத்தைக் காணமுங்களே டீச்சரம்மா" என்றேன்.

"அது போயி நாலு மாசம் ஆச்சுக்கா" என்றார்.